ஆய் நாட்டு ரோல்பிளே ஆட்டம்: பெயர் குழப்பம்

தோவாளைப்பகடை:
ஆளுக்கொரு பாத்திரமா நடிச்சு, பகடை உருட்டி ஆடுற கதை ஆட்டம் இது. களம் 9-ஆம் நூற்றாண்டு ஆய் நாடு, பார்த்திவபுரம் சாலை (அந்தக் காலக் கல்விச்சாலை). ஆடுபவர்கள் 4 பேர். பாத்திரங்களுக்குக் கொற்றன், நன்னன், திதியன், அண்டிரன்னு பெயர் வைத்தால் யாரைக் கூப்பிடுறோம்னே தெரியல. என்ன செய்யலாம்?

கல்குளத்தான்:
கோளாறு ஈற்றில் இருக்கு மக்கா. நாலும் ‘அன்’. ஒருத்தருக்கு மட்டும் அதை வைங்க: கொற்றன், வேங்கை, நள்ளி, மருதாள். முதலெழுத்தும் வேற, முடிவும் வேற. பாரி, காரி, ஓரி மூணையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரவே கூடாது. பகடை உருளும் சத்தத்தில் மூணும் ஒண்ணுதான்.

குழித்துறைக்கரை:
நீளமும் பாருங்க. 866-ல் அந்தச் சாலையை நிறுவிய ஆய் மன்னன் கருநந்தடக்கன் பெயர் செப்பேட்டில் கம்பீரம், சண்டைக் காட்சியில் நாக்குச் சுளுக்கும். முழுப்பெயரைப் பாத்திரக் குறிப்புத் தாளின் தலைப்பில் எழுதி, கூப்பிட ‘நந்தன்’னு வைங்க. அடைமொழிக்கு ஊரோ மலையோ போதும்: குதிரைமலைப் பிட்டங்கொற்றன் மாதிரி. சாதிப் பட்டம் வேண்டாம், கதை அங்கேயே நின்னு வேற பேச்சாயிடும்.

கல்குளத்தான்:
முக்கியமானதை விட்டுட்டேன். கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துறவர்) கதையில் வந்துபோகும் வழிப்போக்கர்களுக்கு 12 பெயரை முன்னாடியே எழுதி, பக்கத்தில் தொழிலும் குறிச்சு, பயன்படுத்தினதும் அடிச்சிடணும். இல்லேன்னா அவசரத்தில் வர்றவனெல்லாம் முத்துதான்.