மறு: கலத்துக்குள் இருக்கும் டென்செக்ரிட்டிக்கு என்ன சொல்?

வணக்கம் அண்ணை,

டென்செக்ரிட்டிக்கு, அதாவது தடிகள் நெருக்கலைத் தாங்க, கயிறுகள் இழுத்துப் பிடிக்க நிற்கும் அமைப்புக்கு, நீங்கள் தந்த 'இழுவை ஒருமைப்பாடு' என்ற சொல்லில் பிழையில்லை. ஆனால் நீளம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் புல்லர் tensional, integrity என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியதால் அவருக்குச் சின்னதாக வந்தது, நாங்கள் வெட்டாமல் பெயர்த்துவிட்டோம். அதோடு முல்லைத்தீவுப் பக்கம் 'இழுவை' என்றால் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடிதான் முதலில் நினைவுக்கு வரும். கடற்கரையில் அதற்கு நல்ல பேரும் இல்லை.

என் தெரிவு: இழுகட்டு.

வகுப்பில் இதற்குத் தறப்பாள் கொட்டிலைத்தான் எடுப்பேன். வன்னியில் அதை விளக்கத் தேவையில்லை. நடுத்தடி நெருக்கலைத் தாங்கும், கயிறுகள் நாலு பக்கமும் இழுக்கும், முளைகள் நிலத்தைப் பிடிக்கும். ஒரு கயிறு அறுந்தால் அந்த மூலையோடு நிற்காது, முழுக் கொட்டிலும் சாயும். கல உயிரியலாளர் டொனால்ட் இங்பர் கலத்தைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். கலத்துக்குள் இருக்கும் விறைப்பான புரதக் குழல்களான நுண்குழாய்கள் தடி, அக்டின் என்ற புரத இழைகள் கயிறு, கலம் தரையோடு ஒட்டும் இடங்கள் முளை. முளையைப் பிடுங்கினால் பரந்து கிடந்த கலம் உருண்டுவிடும்.

முளை அடிக்கும் நிலமும் முக்கியம். குளத்துச் சேறும் கிரவலும் ஒன்றா? எங்லர், டிஷர் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், மூளைபோல் மெத்தென்ற ஜெல்லில் வளர்த்த குருத்துக் கலங்கள் (பலவகைக் கலங்களாக மாறக்கூடியவை) நரம்புப் பக்கம் திரும்பின. கொஞ்சம் விறைப்பானதில் தசைப் பக்கம், இன்னும் விறைப்பானதில் எலும்புப் பக்கம்.

'கட்டு' என்றால் ஒருக்கால் கட்டிவிட்டு மறந்தது போலல்லவா என்று தங்கச்சி கேட்டிருந்தா. நியாயம்தான், கொட்டில் உவமை அங்கே உடைகிறது. கொட்டில் கயிறு சாப்பாடு கேட்காது. கலத்தின் கயிற்றை மயோசின் என்ற புரதம் ஓயாமல் இழுக்கிறது, ஒவ்வொரு இழுப்புக்கும் கலத்தின் சக்திக் காசான ஏடிபி செலவாகிறது, அந்தச் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாய் வெளியேறுகிறது. வரவு நின்றால் கலம் வெப்பவியக்கவியல் சமநிலைக்குப் போகும். சாவு என்பது அதுதான்.

அதற்காக ஒரே சொல்லில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. அமைப்புக்கு 'இழுகட்டு', சக்தி செலவழித்துக் காக்கும் இழுவைக்கு 'உயிர்ப்பிழுவை' என்று பிரிப்போம். இழுவையைத் திட்டிவிட்டு அதற்கே வந்துவிட்டேன், தெரியும். பாடப்புத்தகத்தில் அது ஊன்றிவிட்டது, என்ன செய்ய?

அப்புறம், 'இழுகட்டு' என்பது சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. நடுவில் 'க்' போடவேண்டாம்.