கலிடோனியா யால் படகு: பின்பாய் பற்றிய புதுப்பிப்பு
ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் வாழ்ந்த படகு வடிவமைப்பாளர் இயன் ஆட்ரெட் வரைந்த கலிடோனியா யால் என்ற பாய்மரப் படகை வீட்டிலேயே கட்டுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஒற்றைப் பாய் போதாதா, படகின் பின்பக்கம் தனி மரத்தில் கட்டும் சின்னப் பின்பாய் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள்.

என் முடிவு: பின்பாய் இருக்கட்டும். காற்று ஏறும்போது முன்பாயை இறக்கிவிட்டுப் பின்பாயை இறுக்கிக் கட்டினால், படகு தன் அணியத்தை (முன்முனையை) காற்றுக்கு நேரே காட்டிக்கொண்டு அடங்கி நிற்கும். பாயைச் சுருக்கவோ துடுப்பை எடுக்கவோ அவகாசம் கிடைக்கும். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

பின்பாயைத் தாங்கும் பின்மரம் சுக்கான் கைப்பிடிக்கு இடைஞ்சல்தான். அதற்காகத்தான் நார்வே பாணியில், தள்ளியும் இழுத்தும் திருப்பும் நீளக் கம்பு. கை பழகக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான்.

அப்புறம் பலகை. மரைன் பிளைவுட் (தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை) பட்டைகளை விளிம்பின்மேல் விளிம்பாக எப்பாக்சிப் பசையால் ஒட்டுவதால், கரையில் கிடந்தாலும் காய்ந்து விரிசல் விடாது. நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். ஷெட்டை அளந்துவிட்டு வரைபடம் வாங்குங்கள்.