ஆள் உள்ளே இருக்கும்போதும் வாசல் கதவைப் பூட்டுவீர்களா?

காற்றோட்டம்:
வெளியே கிளம்பும்போது பூட்டுவதைப் பற்றிக் கேட்கவில்லை. அது எல்லோரும் செய்வது. ஆள் உள்ளே இருக்கும்போது என்ன செய்கிறீர்கள்? பகல் முழுக்க என் வீட்டு வாசல் கதவு சும்மா சாத்தியிருக்கும், தாழ் போட்டிருக்காது. தெரிந்தவர்கள் குரல் கொடுத்துவிட்டு உள்ளே வருவார்கள். வந்திருந்த உறவினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு "பொறுப்பில்லாத ஆள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கென்னவோ பட்டப்பகலில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் பயந்து பயந்து வாழ்கிறார்கள் என்று தோன்றுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

இரட்டைத்தாழ்:
நான் உறவினர் கட்சி. வீடு புகுந்து திருடுபவர்கள் எல்லோரும் பூட்டுத் திறக்கும் வித்தை கற்றவர்கள் இல்லை. கைப்பிடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே போகிற ரகம் நிறைய உண்டு. திறந்தால் உள்ளே, திறக்காவிட்டால் அடுத்த வாசல். நீங்கள் உள்ளறையில் இருக்கும்போது பர்ஸும் போனும் வண்டிச் சாவியும் அரை நிமிடத்தில் போய்விடும். காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கதவையோ பூட்டையோ உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். ஒரு நொடி வேலைக்கு இவ்வளவு யோசனை எதற்கு?

காற்றோட்டம்:
1979ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். செய்யத் துணிந்த ஆள், எடுக்கத் தோதான பொருள், தடுக்க யாரும் இல்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கும் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே வசதி கூடியும் வீட்டுத் திருட்டு ஏன் பெருகியது என்பதற்கு அவர்கள் காட்டிய காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கியதில் பகலில் வீடுகள் காலியாகின. கூடவே டிவி மாதிரியான சாதனங்களின் எடை குறைந்து, தூக்கிக்கொண்டு போவது சுலபமாகிவிட்டது. பூட்டுகள் மோசமானதாக அவர்கள் சொல்லவில்லை. நான்தான் வீட்டில் இருக்கிறேனே, தடுக்க ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரட்டைத்தாழ்:
நீங்கள் உள்ளே இருப்பது வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? குளிக்கும்போதும் காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும்போதும் யாரைத் தடுப்பீர்கள்? காலி வீட்டில் நுழைந்தால் பொருளோடு போகும். ஆள் இருப்பது தெரியாமல் நுழைந்தவன் உங்களை நேருக்கு நேர் பார்த்தால் அடுத்து என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. அப்படிப் பார்த்தால் ஆள் உள்ளே இருக்கும்போதுதான் தாழ் அதிகம் தேவை. சரி, இரவில் என்ன செய்வீர்கள்? அதையும் சொல்லிவிடுங்கள்.

காற்றோட்டம்:
இரவில் போடுவேன். தூங்குகிறவன் யாரைத் தடுக்க முடியும்? அதே கணக்குதான்.

மூன்றாம்மாடி:
இதுவரை பேசியவர்களில் வீட்டில் தனியாக இருக்கும் பெண் யாரும் இல்லை என்று தெரிகிறது. நான் தாழும் போடுவேன், சங்கிலியும் மாட்டுவேன். திருடன் வருவான் என்ற நினைப்பு அதில் கொஞ்சம்தான். யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவே. குரல் கொடுத்துவிட்டு உள்ளே வரும் அந்தத் "தெரிந்தவர்கள்" எல்லோரையும் உள்ளே விட எனக்கு விருப்பமில்லை. சொல்லப்போனால் முதல் தாழே அவர்களுக்காகத்தான்.

அடுக்குமாடியில் கீழ்வாசலில் பூட்டு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். அந்த மரியாதையில் யார் வேண்டுமானாலும் மாடி ஏறலாம்.

காற்றோட்டம்:
உங்கள் வீட்டில் நீங்கள் தாழ் போடுவதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். பயத்தைப் பற்றி மட்டும் ஒன்று. குற்ற ஆய்வில் இது பழைய புதிர்: கணக்கெடுப்பில் அதிகம் பயப்படுவதாகச் சொல்பவர்கள் பெண்களும் முதியவர்களும், தெருவில் அடிதடிக்கு அதிகம் ஆளாகிறவர்கள் இளவயது ஆண்கள். பயத்தின் அளவை வைத்து ஆபத்தின் அளவைச் சொல்ல முடியாது.

மூன்றாம்மாடி:
குடை பிடித்துப் போனவர் நனையவில்லை என்பதால் மழையே பெய்யவில்லை என்று சொல்வீர்களா ஐயா? பயப்படுகிறவர்கள் தாழ் போடுகிறார்கள், நேரம் கெட்ட நேரத்தில் தனியே போவதைத் தவிர்க்கிறார்கள், முகம் தெரியாதவருக்குத் திறப்பதில்லை. குறைவாக அடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் இல்லையா? பின்தொடர்ந்து வருவது, கதவைத் தட்டிவிட்டு நிற்பது, படிக்கட்டில் வழிமறித்துப் பேசுவது, இதெல்லாம் பெரும்பாலும் புகாராகவே போவதில்லை. அவற்றையும் எண்ணிக் கூட்டிய பிறகு புதிர் என்று சொல்லுங்கள்.

நிலைச்சட்டம்:
கதவு மாட்டுவது என் தொழில். இரண்டு கட்சியும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அது எதில் மாட்டியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாத்தினால் தானே விழுந்துகொள்ளும் பூட்டின் நாக்கு ஒரு பக்கம் சரிவாக இருக்கும், பின்னால் ஸ்பிரிங். சாத்தும்போது வழுக்கி உள்ளே போவதற்காக அந்தச் சரிவு. உள்பக்கம் திறக்கும் கதவில் அதே சரிவின் மேல் வெளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகினாலும் வழுக்கி உள்ளே போய்விடும். இதைத் தடுக்க நல்ல பூட்டுகளில் நாக்கையொட்டிச் சின்னக் குச்சி ஒன்று வைத்திருப்பார்கள். கதவு சாத்தியிருக்கும்போது நிலையில் உள்ள தகடு அதை அழுத்திப் பிடித்திருக்கும், அதுவரை நாக்கு உள்ளே போகாது. கதவுக்கும் நிலைக்கும் இடையே சந்து அதிகமாகி அந்தக் குச்சியும் துளைக்குள் விழுந்துவிட்டால் அதுவும் வீண். டெட்போல்ட்டில் ஸ்பிரிங் கிடையாது. முனை சதுரமாக இருக்கும், சாவியாலோ, உள்பக்கம் கையால் திருப்பும் திருகாலோ சுற்றினால்தான் நகரும். "பூட்டித்தான் சார் இருந்தது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நாக்கு விழுந்திருந்ததா, டெட்போல்ட் போட்டிருந்தீர்களா என்றுதான்.

அடுத்தது நிலை. மரக்கதவை உதைத்துத் திறந்த வீடுகளில் பூட்டு பெரும்பாலும் முழுசாகத்தான் இருக்கும். போல்ட் போய் உட்காரும் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள் பல இடங்களில் முக்கால் அங்குலம்தான் வரும். உதை விழுந்ததும் அந்த இடத்தில் நிலை பிளந்து, தகடு கையோடு பெயர்ந்து வந்துவிடும். மூன்று அங்குலத் திருகாணி போட்டால் அது நிலையைத் தாண்டிப் பின்னால் உள்ள சட்டத்தையோ சுவரையோ பிடித்துக்கொள்ளும். விலை உயர்ந்த பூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கூடவே வந்த குட்டி ஆணியிலேயே மாட்டச் சொல்பவர்களோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் கீல் வெளியே தெரியும். கீலின் ஊசியைத் தட்டிக் கழற்றத் தெரிந்தவனுக்குப் பூட்டுப் பக்கம் போகும் வேலையே இல்லை. கழற்ற வராத ஊசியோடு கீல் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். மூன்றாம்மாடி அவர்கள் சொன்ன சங்கிலி பேச்சுக் கொடுக்க உதவும். ஆனால் தோளால் மோதினால் தாங்காது. திறப்பதற்கு முன் கண்ணாடித் துளையில் பாருங்கள்.

பழையசாவி:
பூட்டை நம்புகிறவர்களுக்கு ஒரு கதை. லண்டனில் பூட்டுத் தயாரிப்பாளர் ஜோசப் பிராமாவின் கடை ஜன்னலில் 1790 முதல் ஒரு பூட்டு இருந்தது. திறந்து காட்டுபவருக்கு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) பரிசு என்று சவால். அறுபது வருஷம் யாராலும் முடியவில்லை. 1851ல் உலகப் பொருட்காட்சிக்காக வந்த ஆல்ஃப்ரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், சப் (Chubb) என்ற நிறுவனத்தின் அன்று பேர்போன பூட்டை அரை மணிக்குள் திறந்தார். பிறகு பிராமா பூட்டையும் திறந்து பரிசை வாங்கிக்கொண்டார். திறக்கவே முடியாது என்று ஊரே நம்பிய இரண்டு பூட்டுகளும் ஒரே வருஷத்தில் காலி. பூட்டு கொடுக்கும் நிம்மதியின் லட்சணம் இவ்வளவுதான்.

இரட்டைத்தாழ்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. பிராமா பூட்டைத் திறக்க ஹாப்ஸ் எடுத்துக்கொண்டது 51 மணி நேரம், 16 நாட்களில் பிரித்து. யாரும் தொந்தரவு செய்யாத இடம், விதவிதமான கருவிகள், எல்லாம் கொடுத்துத்தான். என் வாசலில் ஒருவர் 51 மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தால் நானே அவருக்கு நாற்காலி போடுகிறேன்.

சப் பூட்டின் விசேஷத்தையும் விட்டுவிட்டீர்கள். 1818ல் ஜெரமையா சப் செய்த அந்தப் பூட்டில் வேறு சாவியையோ கம்பியையோ விட்டு உள்ளே இருக்கும் நெம்புகோலை அளவுக்கு மேல் தூக்கினால் அது சிக்கிக்கொள்ளும். சொந்தக்காரர் தன் சாவியைப் போட்டதும் யாரோ கைவைத்திருப்பது தெரிந்துவிடும். பூட்டிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டு: வருகிறவனைத் தாமதப்படுத்த வேண்டும், சத்தமோ தடயமோ இல்லாமல் அவன் போக முடியக் கூடாது. சும்மா சாத்திய கதவு இரண்டையும் செய்யாது.

உறங்காவிழி:
பூட்டினால் நிம்மதி வரும் என்கிறீர்கள். எனக்கு வரவில்லை. படுத்த பிறகு எழுந்து போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். படுக்கைக்குத் திரும்பியதும் இப்போது பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடி எழுந்திருப்பேன். வேறு யாருக்காவது இப்படி உண்டா?

பழையசாவி:
உங்களுக்கு மட்டும் இல்லை. மார்செல் வான் டென் ஹௌட், மெரல் கின்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கணினித் திரையில் கேஸ் அடுப்பு ஒன்றைக் காட்டி, பர்னர்களை ஏற்றி அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் கேட்டபோது, எந்தப் பர்னரைச் சரிபார்த்தோம் என்று அவர்கள் சொன்ன பதில் மற்றவர்களின் பதிலைப் போலவே சரியாக இருந்தது. ஆனால் காட்சி மங்கலாகத்தான் நினைவிருந்தது, தங்கள் நினைவின் மேல் நம்பிக்கையும் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் இந்தத் தொந்தரவு இல்லாத சாதாரண ஆட்கள். சந்தேகம் வந்ததால் போய்ப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம்; போய்ப் பார்ப்பதே சந்தேகத்தை வளர்க்கவும் செய்கிறது. ஒரே ஒரு தடவை, வேறு நினைப்பில்லாமல் பூட்டிவிட்டுப் படுத்துப் பாருங்கள். தூக்கத்தையே தின்கிற அளவுக்குப் போயிருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம், நல்ல சிகிச்சை இருக்கிறது.

காற்றோட்டம்:
பார்த்தீர்களா, பூட்டப் பூட்டப் பயம் வளர்கிறது.

மூன்றாம்மாடி:
அந்த ஆய்வு திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதைப் பற்றியது, பூட்டுவதைப் பற்றியது இல்லை. நான் ஒரு தடவை போடுகிறேன், அப்புறம் காலை வரை அதை நினைப்பதே இல்லை. வசதிக்கு ஏற்ப வளைக்காதீர்கள்.

தணல்:
தீயணைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளே வருகிறவனைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியாகிவிட்டது. அவசரத்துக்கு நீங்கள் வெளியே போக முடியுமா? சில டெட்போல்ட்டுகளுக்கு உள்பக்கமும் சாவி வேண்டும். சாவி ஆணியில் தொங்கும், அல்லது யாருடைய பையிலோ இருக்கும். தீப்பிடித்த வீட்டில் சுடர் வந்து சேர்வதற்கு முன்பே புகை வந்துவிடும், கண் தெரியாது, இரண்டு மூச்சு உள்ளே போனால் புத்தியும் தடுமாறும். அந்த நிலையில் சாவித்துவாரத்தை யார் தேடுவது? வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்று பல நாட்டுக் கட்டட விதிகள் சொல்வது இதனால்தான். இரவில் கிரில் கேட்டுக்கு உள்ளிருந்து தொங்குபூட்டு மாட்டிவிட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குழந்தையையோ வயதானவரையோ உள்ளே விட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு "கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன்" என்று கிளம்புவதும் வேண்டவே வேண்டாம். குளியலறைக்கு, வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரி தாழ் போடுங்கள். உள்ளே விழுந்து கிடப்பவரால் எழுந்து வந்து திறக்க முடியாது.

மூன்றாம்மாடி:
தணல் ஐயா, என் கதவுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி. உள்பக்கம் திருகு வைத்தால் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் திருப்பிவிட மாட்டானா? அதற்குப் பயந்துதான் இரண்டு பக்கமும் சாவி போடுகிற பூட்டு வாங்கினேன்.

நிலைச்சட்டம்:
பூட்டை மாற்றுங்கள், கண்ணாடியையும் மாற்றுங்கள். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி கிடைக்கும். அடித்தால் விரிசல் விடும், ஆனால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், கை நுழைய நேரமாகும். அது முடியாதென்றால் திருகைக் கழற்றி எடுக்கிற வகை டெட்போல்ட் இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது திருகு கதவிலேயே இருக்கும், வெளியே போகும்போது கழற்றிவிடலாம்.

தணல்:
வீட்டில் ஆள் இருக்கும்போது கழற்றவே கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள் தம்பி.

காற்றோட்டம்:
இவ்வளவும் படித்த பிறகும் பகலில் தாழ் போடும் உத்தேசம் எனக்கு இல்லை. நிலைச்சட்டம், அந்த மூன்று அங்குலத் திருகாணிக்கு முன்கூட்டியே துளை போட வேண்டுமா?

இரட்டைத்தாழ்:
தாழே போடாத கதவுக்கு மூன்று அங்குலத் திருகாணி எதற்கு சார்?

காற்றோட்டம்:
ராத்திரிக்கு.

நிலைச்சட்டம்:
போட வேண்டும். ஆணியின் தடிமனை விடக் கொஞ்சம் மெல்லிய பிட்டாக எடுங்கள். துளை போடாமல் முறுக்கினால் உதைக்க ஆளே வேண்டாம், நிலையை நீங்களே பிளந்துவிடுவீர்கள்.