வில்லன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

பூக்கல்காரன், ஆத்தங்குடி:

தி ஃபிளாஷ், டேர்டெவில் என்ற இரண்டு சூப்பர்ஹீரோ தொடர்களையும் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதையை உடைக்காமல் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை.

எனக்குப் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், போடும் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறை நிழலில் காலை நீட்டிக்கொண்டு ஒரு எபிசோட், ராத்திரி திண்ணையில் ஒன்று. இந்தக் கணக்கில்தான் ஃபிளாஷ் ஒன்பது சீசனையும், மொத்தம் 184 எபிசோட், ஓட்டி முடித்தேன். மூன்றாவது சீசனில், மின்னல் வேகத்தில் ஓடும் ஹீரோ பேரிக்கு எதிராகச் சாவிதார் என்று ஒருவன் உடம்பு முழுக்கக் கவசத்தோடு வருவான். உள்ளே இருப்பது யார் என்பதுதான் சீசன் முழுக்கக் கேள்வி. நான் எட்டாவது எபிசோடில் இருந்தேன். பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகன் வெள்ளைப் பணியாரத்தை வாயில் போட்டபடியே, "அது பேரிதான் மாமா, எதிர்காலத்துல இருந்து வர்றான்" என்றான். தொடரில் அது தெரியவருவது 20-ஆவது எபிசோடில்.

விடாமல் பார்த்தேன், ஆனால் மனசு ஒட்டவில்லை. சாவிதார் வந்து நின்று மிரட்டும்போதெல்லாம் எனக்குப் பணியாரம்தான் ஞாபகம் வந்தது.

சரி, கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் வந்த வினை என்று விட்டுவிடலாமா? அதே தொடரின் முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பேரிக்குக் குருவாக இருக்கும் டாக்டர் வெல்ஸ், முதல் எபிசோட் கடைசியிலேயே தனி அறைக்குள் போய் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். எதிரே, கதை நடக்கும் காலத்துக்குப் பத்து வருஷம் கழித்து வரப்போகும் 2024-ஆம் ஆண்டுச் செய்தித்தாள். இந்த மனிதர் பொய்யர் என்று நமக்குத் தெரிந்துவிட்டது, பேரிக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர் பேரியின் தோளில் கை வைத்து "ஓடு" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தெரிந்ததால்தான் பிசைந்தது.

ஒரே தொடர், இரண்டு ரகசியம். ஒன்று தெரிந்தபின் ருசித்தது, மற்றது தெரிந்ததும் சப்பென்று ஆனது. ஏன்?

ரஸ்தா:

மருமகனை வீட்டுக்குள் விட்டது முதல் தப்பு.

எனக்குக் கேட்டால் ரகசியம் எல்லாம் அப்புறம், நீளம்தான் கோளாறு. ஒரு சீசனுக்கு 23 எபிசோட் என்றால் யார்தான் தாக்குப்பிடிப்பார்கள்? முதல் சீசனில் வேகமாக ஓடும் ஒரு வில்லன், இரண்டாவதில் அவனைவிட வேகமாக ஒருவன், மூன்றாவதில் இன்னும் வேகமாக இன்னொருவன். மீட்டரில் எண் ஏறுகிறதே தவிரக் கதை நகரவில்லை. டேர்டெவில் பாருங்கள், சீசனுக்கு 13, மூன்று சீசன், 39-இல் கதை முடிந்தது.

(2025-இல் மறுபடி ஆரம்பித்தது வேறு விஷயம். அதற்குள் நான் போகவில்லை.)

காரைக்குடி ஆச்சி:

நீளம் என்று சொல்லும் தம்பிக்கு: விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருக்கிறாயா? எங்கள் பக்கம் திருவிழா என்றால் அது இல்லாமல் நடக்காது. முருகன் வள்ளியைக் கட்டப் போகிறான் என்பது தூளியில் தூங்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது. ஏனென்றால் நாங்கள் பார்க்கப் போவது தர்க்கத்தை. நாரதர் ஒரு கேள்வியைப் போடுவார், இந்த வருஷத்து வள்ளி எப்படி மடக்கப் போகிறாள் என்பதுதான் விஷயம். போன வருஷம் வந்த வள்ளி பாட்டில் கெட்டி, பேச்சில் கோட்டை விட்டாள். அதைத் தை மாசம்வரை பேசினோம்.

ஸ்மால்வில் தொடரை என் தம்பி கொண்டுவந்த சி.டி.க்களில் பார்த்தேன். 2001-இல் ஆரம்பித்துப் பத்து சீசன். அதில் வரும் கிளார்க் என்ற பையன் சூப்பர்மேன் ஆகப் போகிறான் என்பது பெயரிலேயே இருக்கிறது, ஸ்மால்வில் என்பது சூப்பர்மேன் வளர்ந்த ஊர். முதல் எபிசோடில் லெக்ஸின் கார் பாலத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுகிறது, கிளார்க் தண்ணீருக்குள்ளிருந்து அவனைத் தூக்கி வந்து கரையில் போட்டு உயிர் கொடுக்கிறான். இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆகிறார்கள். இவன்தான் நாளைக்கு ஜென்ம விரோதி என்று நமக்குத் தெரியும். அவர்கள் சேர்ந்து சிரிக்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும், இரண்டு பேரையும் பார்த்து.

வெல்ஸ் விஷயமும் இதுதான். சாவிதாருக்குள் பெயரைத் தவிர வேறு என்ன இருந்தது?

பூக்கல்காரன், ஆத்தங்குடி:

ஆச்சி, நான் இரண்டு பத்தி எழுதியும் வராததை ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள்.

என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். பூக்கல்லைத் தலைகீழாகத்தான் போடுவோம். கீழே கண்ணாடி, அதன்மேல் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் அதற்கான நிறத்தை ஊற்ற வேண்டும். இதழுக்குச் சிவப்பு, காம்புக்குப் பச்சை என்று. அச்சை மெதுவாகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, அப்புறம் சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் பார்ப்போம். பின்பக்கம் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம், ஒன்றும் தெரியாது. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி பிரியும்போதுதான் பூ தெரியும். முதலில் ஊற்றியதுதான் மேலே வரும். கடைசியில் ஞாபகம் வந்து ஒரு நிறம் சேர்க்கலாம் என்றால் முடியாது.

டேர்டெவிலில் வில்லன் ஃபிஸ்க் விஷயம் அப்படித்தான் எனக்குப் படுகிறது. முதல் எபிசோடில் அவனுடைய குரல் மட்டும் கேட்கும். மூன்றாவதில், அவன் பெயரைச் சொல்லிவிட்ட ஒரே குற்றத்துக்கு ஒருவன் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். இவ்வளவு பயம் காட்டிய ஆள் எப்படி வருவான் என்று நான் எதிர்பார்த்தேன் தெரியுமா? அந்த எபிசோட் முடியும்போது ஒரு ஓவியக்கூடத்தில் தனியாக நிற்கிறான். எதிரே வெள்ளை மேல் வெள்ளை பூசிய ஒரு படம், அவ்வளவுதான். அதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று ஒரு பெண் கேட்கிறாள். தனிமையாக இருப்பதாகச் சொல்கிறான்.

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இதுக்கா இத்தனை அலம்பல் என்று.

எட்டாவது எபிசோடில் அவனுடைய சின்ன வயசு வருகிறது. அப்பன் அவனை ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். பக்கத்தில் அம்மாவுக்கு அடி விழும் சத்தம். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அப்புறம் எழுந்து போய்ச் சுத்தியலை எடுக்கிறான். அந்தச் சுவரும் ஓவியக்கூடத்தில் பார்த்த படமும் ஒன்று. நான் போனை நிறுத்திவிட்டு மூன்றாவது எபிசோடுக்குத் திரும்பப் போய் அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. நிறத்தை அங்கேயே ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

ஏரோ என்ற இன்னொரு சூப்பர்ஹீரோ தொடரின் நான்காவது சீசன் முதல் எபிசோடில் ஒரு கல்லறையைக் காட்டி, உள்ளே யார் என்று 18-ஆவது எபிசோட்வரை இழுத்தார்களே, அது எனக்கு நேர்மாறாகத் தெரிந்தது. கண்ணாடிமேல் ஒன்றும் ஊற்றாமல் கலவையைக் கொட்டிவிட்டுப் பூவைப் பிறகு வரைந்துகொள்ளலாம் என்பது போல.

ரஸ்தா தம்பி, ஓட்டத்தில் மீட்டர் ஏறிய கதையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெல்ஸ் இருந்த முதல் சீசனும் 23 எபிசோட்தான்.

கீழவளவு:

அண்ணே, ஒரு ஆட்சேபம். நீங்களும் ஆச்சியும் பேசுவதைப் பார்த்தால் ரகசியத்தை மறைத்தாலே தப்பு என்று ஆகிவிடும் போலிருக்கிறது.

2019-இல் வந்த வாட்ச்மென் தொடர், ஒன்பதே எபிசோட். ஏழாவதின் முடிவில் ஒன்று உடையும். என்ன என்று சொல்லமாட்டேன், நான் உங்கள் மருமகன் இல்லை. அதுவரை நம்மிடம் சுத்தமாக மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கதைக்குள் ஒருவருக்கு அது முதலிலிருந்தே தெரியும். அதனால் இரண்டாவது முறை பார்க்கும்போது அந்த ஆளின் ஒவ்வொரு பார்வைக்கும் வேறு அர்த்தம் வருகிறது. நான் கல்லூரி விடுதியில் ஒரு சனி, ஞாயிறில் இரண்டு தடவை பார்த்தேன். திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வு, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

முதல் எபிசோட் ஆரம்பமே 1921-இல் டல்சா நகரத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்தியதுதான். நிஜமாக நடந்தது. சூப்பர்ஹீரோ தொடர் பார்க்க உட்கார்ந்தவன் அதைத்தான் முதலில் தேடிப் படித்தேன்.

ரஸ்தா:

ஒன்பது எபிசோட். நான் சொன்னேனா இல்லையா?

காரைக்குடி ஆச்சி:

அரியர் வந்ததா தம்பி?

கீழவளவு:

வந்தது ஆச்சி.

பூக்கல்காரன், ஆத்தங்குடி:

கீழவளவுத் தம்பி சொல்வது என் கணக்குக்குள்தான் வருகிறது என்று வாதாட நினைத்தேன். முதலிலேயே ஊற்றிவைத்த நிறம்தானே, கண்ணாடி பிரிய ஏழு எபிசோட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதானே என்று. ஆனால் பார்க்காத தொடருக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. நேற்று ராத்திரி ஆரம்பித்தேன். மூன்று முடிந்திருக்கிறது. ஒருவர்மேல் சந்தேகம் இருக்கிறது, யார் என்று இங்கே எழுதமாட்டேன்.

நாளைக்கு மஞ்சுவிரட்டுக்கு அக்கா வீட்டிலிருந்து எல்லாரும் வருகிறார்கள். போனைப் பட்டறையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். ஏழு முடிகிறவரை யாரும் எனக்குப் பதில் போடாதீர்கள்.