முப்பதாம் நாள் அட்டை (குழு: களியக்காவிளை வீட்டார்)

சித்தி: மக்களே, உங்கள் பெரியப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு அட்டை அடிக்கணும். அச்சகக்காரர் நாளைக்கு மேட்டர் கேட்கிறார். போட்டோவும் நான்கு வரியும் அனுப்புங்கள்.

பாறசாலை அண்ணன்: கல்யாண ஆல்பத்தில் கோட்டு போட்டது ஒன்று இருக்கிறது.

குட்டன்: அது ஸ்டுடியோக்காரன் கோட்டு 😄

சித்தி: காதில் பென்சில் வைத்தது போதும்.

பாறசாலை அண்ணன்: அதில் சட்டை இல்லை சித்தி.

வாத்தியார் மாமா: நான் எழுதியே வைத்திருக்கிறேன், பொறுமையாக வாசியுங்கள். "1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அன்னாரின் வீடு இந்தப் பக்கமும் தகப்பனாரின் பட்டறை கேரளத்துப் பாறசாலைப் பக்கமும் ஆயின. அங்கே உளி பிடித்து இங்கே ஊர் முழுக்கக் கதவு வைத்தார். ஆஞ்சிலியோ பலாவோ, கையால் தடவியே ஈரம் சொல்வார். டேப் தொடமாட்டார், கோல்தான், ஒரு கோலுக்கு 24 விரல், அதாவது 72 சென்டிமீட்டர். அவர் ஏற்றிய கூரையில் உத்தரமும் கழுக்கோலும் இரும்பாணி இல்லாமல் மரமுளையிலேயே நிற்கும். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு..." மீதி அடுத்த மெசேஜில்.

குட்டன்: மாமா இது அட்டையா புத்தகமா

பாறசாலை அண்ணன்: தேவசகாயம் எதற்கு?

வாத்தியார் மாமா: எதற்கா? 2022 மே 15, ரோமில் புனிதர் பட்டம் கொடுத்த அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அத்தான் அழுதார். எங்கள் அக்கா செத்தபோதுகூட அழாத மனிதர்.

சித்தி: அழுதார். பட்டறையைச் சாத்திக்கொண்டு, சும்மா ஒரு பலகையை இழைப்புளியால் தள்ளிக்கொண்டே இருந்தார். நீங்கள் அப்போது பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

வாத்தியார் மாமா: அந்தப் பந்தல்காரன் செய்தது அநியாயம்.

நாகர்கோவில் அத்தை: மதியத்துக்கு என்ன?

குட்டன்: மாட்டுக்கறி

நாகர்கோவில் அத்தை: பூசை வெள்ளிக்கிழமை லே.

பாறசாலை அண்ணன்: அப்போ எரிசேரி, அவியல், அடைப்பிரதமன்.

துபாய் தம்பி: இப்போதுதான் பார்த்தேன். மார்ச் 19-ஐ எழுதுங்கள். தச்சரான சூசையப்பர் திருநாளுக்கு என்ன அவசர வேலையானாலும் உளி தொடமாட்டார், ஆனால் மே 1 ஊரெல்லாம் லீவு விடும்போது இவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அதுவும் சூசையப்பர் நாள்தானே என்று கேட்டால், "அது 1955-இல் போப் வைத்தது மக்களே, நம்முடையது பழையது" என்பார்.

குட்டன்: 😂 தேய்பிறை கதையும்

துபாய் தம்பி: ஆமாம்! தேய்பிறையில் வெட்டினால்தான் வண்டு விழாது என்று குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோயில்) கதவுக்கான பலாவை வெட்டவிடாமல் காத்திருந்தார். நாள் பார்ப்பது பாவம் என்று பாதர் சத்தம் போட்டதற்கு, "மரம் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லையே பாதரே" என்றார்.

சித்தி: அந்தக் கதவுக்கு ஒரு பைசா வாங்கவில்லை. கல்வெட்டில் கமிட்டிக்காரர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது, அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நாகர்கோவில் அத்தை: அதை இப்போது எதற்கு இழுக்கிறாய்.

சித்தி: அவர் இழுக்கவில்லை, அதனால் நான் இழுக்கிறேன்.

பாறசாலை அண்ணன்: அப்புறமும் பூசையை விடவில்லையே. தான் செய்த பெஞ்சில்தான் உட்காருவார், பிரசங்கம் முடியும்வரை கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துக்கொண்டே.

குட்டன்: அண்ணே, உளிப்பெட்டி உங்களிடமா இருக்கிறது?

பாறசாலை அண்ணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

குட்டன்: ?

பாறசாலை அண்ணன்: பட்டறையில் இருக்கிறது. பட்டறை யாருடையது என்று மாமாவிடம் கேள்.

சித்தி: அதெல்லாம் முப்பது கழிந்து பேசலாம். அட்டைக்கு வாருங்கள்.

வாத்தியார் மாமா: சரி, தேவசகாயத்தை எடுத்துவிட்டேன். 1956 இருக்கும்.

துபாய் தம்பி: மார்ச் 19?

வாத்தியார் மாமா: இடம் இருந்தால்.

குட்டன்: 1956-ஐ எடுத்தால் இடம் இருக்கும்

சித்தி: போட்டோவைச் சொல்லுங்கள் முதலில்.

நாகர்கோவில் அத்தை: பப்படம் எத்தனை பேருக்குச் சொல்ல?