மூளைக்கட்டிக் கையேட்டில் 'மேம்பாடு' வேண்டாம். வேறு சொல் தாருங்கள்

ம.:
அன்புடையீர், மூளைக்கட்டி நோயாளிகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எம்ஆர்ஐ பக்கத்தில் 'என்ஹான்ஸ்மென்ட்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய பதிப்பில் 'மேம்பாடு' என்றிருக்கிறது. அதைப் படித்த ஓர் அம்மா, "கட்டியில மேம்பாடு தெரியுதுன்னு போட்டிருக்கே, அப்போ குணமாகிட்டு வருதா?" என்று கேட்டாராம்.

விஷயம் இதுதான். மூளையின் இரத்தநாளச் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. கட்டியால் அந்தத் தடுப்பு பழுதான இடத்தில், ஸ்கேனுக்காக இரத்தக்குழாயில் ஏற்றிய கடோலினியம் என்ற மருந்து கசிகிறது. அங்குள்ள நீரின் ஹைட்ரஜன் புரோட்டான்கள் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புவதால், டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. இந்த வெள்ளைக்கு என்ன பெயர்?

இரா.:
சாயமேற்றம். ஸ்கேன் சென்டர் வாசலில் போய்க் கேளுங்கள், "டை போட்டு எடுக்கணும்" என்றுதான் சொல்வார்கள்.

மரு. க.:
சாயம் வேண்டாம் ஐயா. கடோலினியம் எதற்கும் நிறமேற்றுவதில்லை. இன்னொன்று, வெளுத்தால் புற்று, வெளுக்காவிட்டால் நல்லது என்றும் கிடையாது. மெனிஞ்சியோமா பெரும்பாலும் தீங்கற்ற கட்டி. ஆனால் நன்றாக வெளுக்கும். மெதுவாக வளரும் கிளையோமா என்ற மூளைக்கட்டி பல நேரம் வெளுக்கவே வெளுக்காது, ஃபிளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில்தான் அகப்படும். ஆகவே சொல் பயமுறுத்தவும் கூடாது, ஆறுதல் சொல்லவும் கூடாது.

பு.:
துலக்கம். கலங்கு, கலக்கு, கலக்கம் போல துலங்கு, துலக்கு, துலக்கம். கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியில் நடுப்பகுதி செத்து ஓரம் மட்டும் வெளுக்குமே, அது 'வளையத் துலக்கம்'. ஆனால் லகரத்தில் கவனம் வேண்டும். ளகரம் போட்டால் துளக்கம், அதாவது நடுக்கம்!

இதோடு 'ஸ்கேன்' என்பதையும் ஒழிப்போம். எம்ஆர்ஐயை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் லாட்டர்பர் 1973இல் இந்த முறைக்கு வைத்த பெயர் 'சூக்மட்டோகிராஃபி'. சூக்மா என்றால் கிரேக்கத்தில் பிணைப்பு, நுகத்தடி உறவுள்ள சொல். இரண்டு காந்தப்புலங்களை ஒன்றாகப் பூட்டினார் அல்லவா? "எருதே இளைய நுகம் உணராவே" என்று ஔவை பாடிய நுகம் நம்மிடம் இருக்கிறது. நுகவரைவு!

இரா.:
லாட்டர்பருக்கு 2003இல் நோபல் கிடைத்தது, அவர் வைத்த பெயருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தவிர, நுகமே வடமொழி 'யுக'த்திலிருந்து வந்தது என்பார்கள். துலக்கம் என்றால் எனக்குப் பல் துலக்குவதுதான் ஞாபகம் வருகிறது.

பு.:
யார் அந்த 'என்பார்கள்'? விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ச.:
எம்ஆர்ஐ என்ற பெயரில் வரும் 'ரெசொனன்ஸ்', அதாவது ஒத்ததிர்வு, இலங்கைப் பாடநூல்களில் 'பரிவு' என்றுதான் படித்தோம். அந்தச் சத்தமான குழாய்க்குள் படுத்தபோது பரிவு ஏதும் தெரியவில்லை என்பது வேறு கதை. இங்கும் வாசிக்கப்போகும் கையேடு என்றால் அதையும் சேருங்கோ.

ஸ்கேன் அறையிலிருந்து வே.:
நாங்கள் "கட்டி மருந்து பிடிச்சிருக்கு" என்போம். எல்லாருக்கும் புரியும்.

மரு. க.:
புரியும், தப்பாகப் புரியும்! மருந்து பிடித்துவிட்டது என்றால் வீட்டில் கேசரி கிளறிவிடுவார்கள். மேம்பாட்டில் விழுந்த அதே குழி.

ம.:
சரி. ஞாயிறு இரவு பத்தரை. துலக்கம் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'மருந்து ஏற்றியபின் படத்தில் வெள்ளையாகத் தெரிதல். இது குணமாவதையோ முற்றுவதையோ தனியாகக் காட்டாது' என்று சேர்த்துவிட்டேன். 'பரிவு' சொல்லடைவில் வருகிறது. ஸ்கேன் ஸ்கேனாகவே இருக்கிறது. புலவர் ஐயா மன்னிக்கவும்.

இரா.:
வெளுப்பு. மரு. க. அவர்களே மேலே நாலைந்து தரம் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. அடுத்த பதிப்புக்காகச் சொல்லிவைக்கிறேன்.