“சரிண்ணே” என்பதில் இருக்கும் மனக்குறையை நரம்பு வலையமைப்பு எப்படி அறியும்?

கேள்வி: பூச்சந்தை

வணக்கம். மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் எங்கள் குடும்பம் மல்லிகை மொத்த வியாபாரம் செய்கிறது. வெளியூர் வாடிக்கையாளர்களுடன் வாட்ஸ்அப்பில் நடந்த உரையாடல்களை அவர்களின் ஒப்புதலோடு தொகுத்து, மனக்குறையோடு இருப்பவர்களை முன்கூட்டியே அறிய முயல்கிறேன். இந்திய மொழிகளுக்காகக் கூகுள் வெளியிட்ட மியூரில் (MuRIL) என்ற நரம்பு வலையமைப்பு மொழி மாதிரிக்கு ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகக் கொடுத்து, நிறைவு, குறை, நடுநிலை என வகைப்படுத்தப் பயிற்றுவித்தேன். “பூ வர்றப்பவே வாடிருச்சுண்ணே” என்பதைக் குறை என்று சரியாகச் சொல்கிறது. அதற்கு நாங்கள் “ஐஸ் பத்தல, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று எழுத, அவர் “சரிண்ணே” என்று முடித்துக்கொண்டால், அதை நிறைவு என்கிறது. அப்படி எழுதியவர் பிறகு எங்களிடம் பூ வாங்கவே இல்லை. தரவைக் கூட்டினால் இது சரியாகுமா?

மறுமொழி: வைகைக்கரை

கூட்டினாலும் ஆகாது. நீங்கள் தேடும் மனக்குறை அந்தச் சொல்லில் இல்லை. அதற்கு முன் நடந்த பேச்சில் இருக்கிறது. மியூரில் ஒரே நேரத்தில் 512 சொற்கூறுகள் (சொற்கள் அல்லது அவற்றின் துண்டுகள்) வரை வாங்கிக்கொள்ளும் என்பதால், முந்தைய ஐந்தாறு செய்திகளையும் சேர்த்து, ஒவ்வொன்றின் முன்னும் “கடை”, “வாடிக்கையாளர்” என்று குறித்துக் கொடுங்கள். யார் பேசினார் என்பது மிக முக்கியம். 2019இல் வெளியான டயலாக்ஆர்என்என் (DialogueRNN) என்ற நரம்பு வலையமைப்பு, உரையாடுபவர் ஒவ்வொருவரின் மனநிலையையும் தனித்தனியாக நினைவில் வைத்து, ஒவ்வொரு கூற்றுக்குப் பிறகும் புதுப்பித்துக்கொண்டே செல்வதற்காகவே உருவாக்கப்பட்டது. ஆங்கில எழுத்தில் தட்டச்சிய தமிழை நீக்கிவிடாதீர்கள். அத்தகைய எழுத்திலும் மியூரில் பயிற்சி பெற்றிருக்கிறது.

மறுமொழி: தெப்பக்குளம்

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தீர்கள்? செய்தி வாரியாகப் பிரித்திருந்தால், ஒரே உரையாடலின் துண்டுகள் இரண்டு பக்கமும் சிதறி, மதிப்பெண் பொய்யாக உயர்ந்து நிற்கும். முழு உரையாடலாக, இயன்றால் வாடிக்கையாளர் வாரியாகப் பிரியுங்கள். நடுநிலைச் செய்திகளே மிகுதியாக இருக்கும் தரவில் மொத்தத் துல்லியத்தை நம்பாமல், குறை என்ற வகுப்பின் எஃப்1 மதிப்பெண்ணை, அதாவது குறை என்று சொன்னவற்றில் எத்தனை சரி, உண்மையான குறைகளில் எத்தனை பிடிபட்டன என்ற இரண்டையும் சேர்த்த அளவை, தனியாகப் பாருங்கள். இன்னொன்று: “அண்ணே” என்பது நம் பக்கத்தில் கோபத்திலும் விடாத மரியாதை. பயிற்சிக்காகச் செய்திகள் எந்த வகை என்று வேற்றூரார் குறியிட்டால் அதையே கனிவு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சந்தைப் பேச்சு அறிந்த இருவர் தனித்தனியே குறியிட்டு, எங்கே மாறுபடுகிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

மறுமொழி: பூச்சந்தை

இருவருக்கும் நன்றி. செய்தி வாரியாகத்தான் பிரித்திருந்தேன், இன்றே மாற்றுகிறேன். குறியிட்டதும் நான் ஒருவனே, அதுவும் செய்திகளைக் கலைத்துப் போட்டு, முன்பின் தெரியாமல். இனி உரையாடலை வரிசையாகப் படித்துக் குறியிட அப்பாவும் உட்காருகிறார். அந்தச் “சரிண்ணே”யைக் காட்டியதும், “இவர் அன்னைக்கே மனசு விட்டுட்டாரு” என்றார்.